யார் வீட்டில் ட்ரம்பெட்?

— நிதானம்மா, நிதானம்! வில்லை என் மூஞ்சிக்கு நேரா ஆட்டாம மேஜைமேல வைங்க. அம்பு எங்க போகுது?

— எங்க போகலைன்னு கேளுங்கண்ணே! நேத்து கிளப் செயலாளரோட சாப்பாட்டுப் பையில போய் நின்னுச்சு. நல்லா இருக்குல்ல நியாயம்? வில் கடை வச்சிருக்கீங்க, நீங்களே சொல்லுங்க.

— அம்பு உக்கார்ற ரெஸ்டை மாத்திட்டீங்களே! பழசு என்னாச்சு? சுத்திலும் பிரஷ் முடி இருக்குமே, அது?

— அது நல்லாத்தான் இருந்துச்சு. கை நடுங்கினாலும் அம்பு நழுவாது.

— அதான் அதோட குணம். நம்ம தப்பைப் பொறுத்துக்கும். ஆனா இறகை உரசித்தான் அனுப்பும். இந்தப் புதுசை ஒரு சின்னக் கயிறுதான் தூக்கிப் பிடிக்குது; நாணை விட்டதும் தானே கீழ இறங்கிடும், உரசலே கிடையாது. நேரம் துளி பிசகினா மட்டும் போச்சு, இறகுல இடிச்சு அம்பு ஊர் சுத்தப் போயிடும். இதை யார் வாங்கச் சொன்னது?

— வாங்கலண்ணே, பரிசு! என் நாத்தனார் பாசமா குடுத்துவிட்டாளாம். மாமனார் கொண்டுவந்து குடுத்தாரு.

— ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல உங்ககூட மோதப்போறதே அவங்கதானே?

— அதான் வயிறு எரியுது! தோத்தவ வீட்டுலதான் இனிமே மாமா இருக்கணும்னு பேச்சு.

— ஏன், பெரியவர் ரொம்பத் தொந்தரவா?

— ஐயோ, தங்கமான மனுஷர்! ரிடையர் ஆனதும் ட்ரம்பெட் கத்துக்க ஆரம்பிச்சாரு பாருங்க, அங்க பிடிச்சுது சனி. தெரிஞ்சது ஒரே பாட்டு. அதுவும் பாதிதான் வரும்.

— ட்ரம்பெட்டா? நிதானம்... கறுப்புப் பெட்டியோட வருவாரா? அந்த ரெஸ்ட் கயித்தைக் காட்டுங்க. அடக் கடவுளே!

— என்னண்ணே, பயமுறுத்துறீங்க?

— இதை என் கடையில வாங்கினது உங்க நாத்தனார் இல்லம்மா, அந்தப் பெரியவர்! "கயிறு தளர்ந்தா என்ன ஆகும்?"னு கேட்டாரு. "குறி தப்பும்"னேன். சந்தோஷமா கிளம்பிட்டாரு. பாருங்க, தளர்த்தி வச்சிருக்காரு.

— மக ஜெயிக்க மருமக குறியைக் கெடுக்கிறதா? நல்லா இருக்குல்ல நியாயம்!

— நிதானம்மா. நீங்க தோத்தா அவர் யார் வீட்டுக்கு வருவாரு?

— என்... வீட்டுக்கு.

— அன்னிக்கே சொன்னாரு. "பெத்த மக பாதிப் பாட்டுல எழுந்து போயிடுறா. மருமக ஒருத்திதான் கண்ணை மூடிக் கடைசிவரை ரசிக்கிறா"ன்னு.

— ரசிக்கிறேனா? நான் தூங்கிடுவேண்ணே!

— அது அவருக்குத் தெரியாதுல்ல.

— என்கூட இருக்கத்தானா இவ்வளவு திருட்டுத்தனம்? எங்க அப்பாகூட என்னை இப்படிப் புகழ்ந்ததில்லண்ணே. கண்ணு கலங்குது.

— சரி, கயித்தை இறுக்கிடவா? ஒரு நிமிஷ வேலை.

— கையை எடுங்க! அது அப்படியே இருக்கட்டும்.

— தோத்துடுவீங்களேம்மா!

— தோத்துட்டுப் போறேன். காதுல வைக்க நல்ல பஞ்சா ரெண்டு உருண்டை குடுங்க.