சூடு சொரணை உள்ள கம்பி

டீ நன்றாகத்தான் இருக்கிறது ஐயா. போட்ட ஏலக்காய்தான் போன வருடத்துச் சரக்கு. ஏலக்காய் மலையில், கம்பம்மெட்டில் ஸ்டேஷன் வைத்துக்கொண்டு இதைக் குடிக்கலாமா? என் ஸ்டோரில் உலர்ந்த காய் கிளிப்பச்சையாக இருக்கும். கீழே அடுப்பு, தட்டுகளுக்கு அடியில் தகரக் குழாய், காற்றைத் தள்ள விசிறி. எங்காவது சூடு கொஞ்சம் ஏறினாலும் காய் வெளுத்துவிடும். வெளுத்த காய் வேதமுத்து வீட்டிலிருந்து சந்தைக்குப் போனதில்லை. எங்கள் குடும்பத்துக்குச் சூடு சொரணை உண்டு என்று அப்பா சொல்வார். நானும் சொல்வேன்.

அந்தச் சொல்லை வைத்துத்தான் அக்காள் மகன் செபாஸ்டின் என்னைக் கேலி செய்தான். பாலக்காட்டில் பௌதிகம் சொல்லிக்கொடுக்கிறான். ஓணம் லீவுக்கு வந்தவன் ஸ்டோர் சுவரெங்கும் கம்பி இழுத்தான். இரண்டு வகை உலோகத்தை இடையிடையே முறுக்கி முடிச்சுப் போட்டிருந்தான். முடிச்சில் சூடு பட்டால் துளி மின்சாரம் பிறக்குமாம். கம்பி போய்ச் சேரும் பெட்டியில் ஒரு முள் அசைந்து அதைச் சொல்லுமாம்.

"சூடு பட்டா உணருது பாருங்க மாமா. உங்க குடும்பத்துக்கு ஏத்த கம்பி."

"அது ஏண்டா முள்ளு இப்படி நடுங்குது, பொண்ணு பாக்க வந்த மாப்பிள்ளை மாதிரி?"

"விசிறி மோட்டார் பண்ற வேலை. நெசமான சேதி ரொம்ப மெலிசு. நடுக்கத்துல அமுங்கிப் போகுது."

அதற்கும் ஒரு வழி கண்டான். ஒரே முடிச்சைத் திரும்பத் திரும்பப் பார்த்துச் சராசரி எடுத்தான். நடுக்கம் மேலும் கீழும் போய்த் தன்னைத் தானே தின்றுவிடும், சூடு மட்டும் மிஞ்சும் என்றான். ஜெபமாலை உருட்டுகிற மாதிரி இருக்கிறதே என்றேன்.

"ஆமா மாமா, ஒரு தடவை கேட்டா சாமிக்கே கேக்காது."

கெட்டிக்காரப் பையன். அவன்மேல் எனக்கு வருத்தம் இல்லை.

அடுப்பு மூட்டாத ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வந்து கடைசி முடிச்சைப் பார்த்தான். அது மேலே, பூட்டிக் கிடந்த சாக்கு அறையின் பலகைச் சுவரில் வெளிப்பக்கமாக இருந்தது.

"மாமா, உங்க சாக்குக்குக் காய்ச்சல். லேசா வெதுவெதுங்குது."

"பூனை குட்டி போட்டிருக்கும்."

"கம்பத்துக்குப் போயி புது பேட்டரி வாங்கிட்டு வாறேன். நாளைக்குப் பூனைக்கு எத்தனை குட்டின்னே சொல்லிருவேன்."

பூனை இல்லை ஐயா. என் தங்கை சந்தனமேரி.

ஈஸ்டருக்கு முந்தின தவசு காலத்தில் அவள் ஜீப் ஓட்டுகிற அப்புசாமியோடு ரிஜிஸ்டர் கல்யாணத்துக்கு மனு எழுதினாள். மனு போய்ச் சேருமுன் அவளைச் சாக்கு அறையில் வைத்துப் பூட்டினேன். கன்னியர் மடத்தில் சேர்ந்துவிட்டாள் என்று ஊரில் சொன்னேன். அங்கேதான் ஒரு சின்னப் பிசகு. ஊர் நம்பியதோடு நிற்கவில்லை, மதிக்கவும் தொடங்கிவிட்டது. பங்குச்சாமியார் பூசையில் எங்கள் குடும்பத்தைப் பெயர் சொல்லி வாழ்த்தினார். செபாஸ்டின் தன் சித்திக்கு ஜெபப் புத்தகம் வாங்கிவந்தான். மடத்தில் வெளிச்சாமான் வாங்க மாட்டார்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று. இவ்வளவுக்குப் பிறகு ஒரு கன்னியாஸ்திரியைச் சாக்கு அறையிலிருந்து எப்படி இறக்குவது?

அவளைப் பட்டினி போட்டதில்லை. நானே சோறு கொண்டுபோவேன். சத்தம் போட்டால் அப்புசாமியின் ஜீப்பில் பிரேக் இருக்காது என்று ஒரு தடவை சொன்னேன். அதன் பிறகு அவள் சத்தமே போடவில்லை. வாய் மட்டும் குறையவில்லை.

"வாங்க மதர். இன்னைக்காவது மீனு உண்டா? இல்ல, நம்ம மடத்துல வருசம் பூரா தவசுதானா?"

நானும் சிரித்திருக்கிறேன் ஐயா.

கம்பியை அறுத்தால் பையன் ஏன் என்று கேட்பான். அவன் சொல்லிக்கொடுத்த பாடத்தையே யோசித்துப் பார்த்தேன். மெலிசான சேதி பெரிதில் அமுங்கிப் போகும். அறை முழுவதும் சூடாக இருந்தால் ஓர் ஆளின் சூடு தனியாகத் தெரியாது. அன்று சாயங்காலம் பையன் கம்பத்துக்குப் போனதும் அடுப்பை மூட்டினேன். சாக்கு அறைத் தரைக்கு அடியில் போகும் குழாயில் கரி தட்டுவதற்கு ஒரு மூடி உண்டு. அதைக் கழற்றிவிட்டேன். சூட்டோடு புகையும் ஏறும் என்பது எனக்குத் தெரியும். தெரியாது என்றால் ஸ்டோர் நடத்துகிறவனுக்கு அது கேவலம்.

பலகையைத் தட்டினாள். "அண்ணே, காய் கருகுது, பாருங்க" என்றாள். விசிறியைப் போட்டேன். அதன் பிறகு தட்டியது மெலிசு. மோட்டார் சத்தத்தில் அமுங்கிவிட்டது. இனி மறைக்க ஒன்றும் இல்லை என்று தோன்றியதும் அடுப்பை அணைத்தேன்.

மறுநாள் செபாஸ்டின் புது பேட்டரியோடு பெட்டி முன்னால் உட்கார்ந்து வெகுநேரம் சராசரி எடுத்தான்.

"பூனை போயிருச்சு மாமா. சில்லுன்னு இருக்கு."

"நல்லதாப் போச்சு."

"போகட்டும். கதவு வெளிய பூட்டிக் கெடக்கே. எந்த வழியாப் போச்சு?"

பூட்டை உடைத்தது அவன்தான். அவளைக் கீழே இறக்கிக் கிடத்திய பிறகு, சுவரில் இருந்த கம்பியைத் தொட்டுக் காட்டி, "இதுக்கு இருந்த சூடு சொரணை உங்களுக்கு இல்லாமப் போச்சே மாமா" என்றான்.

கொன்றது நான்தான். நான் சொன்னபடியே எழுதிக்கொள்ளுங்கள், கையெழுத்துப் போடுகிறேன். பையன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும் விட்டுவிடுங்கள் ஐயா. கோர்ட்டில் நாலு பேர் முன்னால் படிப்பார்கள். குடும்பத்துக்கு என்று ஒரு மானம் இருக்கிறது.