தோற்றவர்களின் பக்கம்

பட்டர்வொர்த்திலிருந்து பினாங்குக்குப் போகும் காலை ஃபெரியில், எனக்கு முன் பெஞ்சில் இரண்டு பெண்கள் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"என் மவன் தோத்தவங்ககிட்ட மட்டும்தான் பேசுவான்க்கா," என்றார் குடை வைத்திருந்தவர்.

"டிவியில வேலைன்னு சொன்னியேம்மா?" என்றார் மூத்தவர்.

"அதான்க்கா, விளையாட்டுச் செய்தி. ஆட்டம் முடிஞ்சதும் பேட்டி எடுக்கணும். ஜெயிச்ச டீம் சீனியருக்கு, தோத்த டீம் ஜூனியருக்கு. மூணு வருஷமா அழுவுறவங்க முன்னாடியே மைக் நீட்டுறான்."

"பாவம்லா. கிளார்க் வேலைக்கே போயிருக்கலாம்."

"அவங்கப்பாவும் அதத்தான் சொல்லிக்கிட்டிருந்தாரு. போன மாசம் கப் ஆட்டத்தன்னிக்கு சீனியருக்குக் காய்ச்சல். ஜெயிச்சவங்ககிட்ட இவன போவச் சொன்னாங்க. நாங்க எல்லாரும் டிவி முன்னாடி உக்காந்துட்டோம்."

"அப்புறம்?"

"அவங்க கப்ப தூக்கிக்கிட்டுக் குதிக்கிறாங்க. இவன் கேட்டது யாரு காதுலயும் விழல. கொஞ்ச நேரத்துல பார்த்தா, தோத்த கோல்கீப்பர் பக்கத்துல புல்லுல உக்காந்திருக்கான். மொதல்ல தண்ணி போத்தல நீட்டுறான், அப்புறம்தான் மைக்க."

"ஐயோ, ஆபீஸ்ல ஏசலியா?"

"ஏசல. செய்தியிலயும் அதத்தான் முழுசா போட்டாங்க. இனிமே நீ ஜெயிச்சவங்க பக்கம் போன்னாங்க. இவன்தான் வேணாம்னுட்டான்."

ஃபெரி கரையில் இடித்து நின்றது. இருவரும் எழுந்தார்கள்.

"அவங்கப்பா என்னா சொல்றாரு?"

"ஆட்டம் முடிஞ்சாலும் டிவியை அடைக்க விடமாட்டேங்கிறாரு. இருலா, தோத்தவங்க இன்னும் வரலங்கிறாரு."