கடல் பாதைக்கு ஒரு ஒத்திகை

— படி ஏறணுமே, அத ஏன் சொல்லாம விடுறீங்க?

— கொஞ்சம் படிதான் மதி. அதுக்கப்புறம் பாதை பாட்டுக்குப் போகும். ஒரு பக்கம் மரம், ஒரு பக்கம் கடல். இங்க புக்கிட் பாஞ்சாங்ல எம்ஆர்டி ரயில் ஏறுறோம், பொட்டானிக் கார்டன்ஸ்ல மாறுறோம், லாப்ரடோர் பார்க்ல இறங்குறோம். ஈசி லா! வயசானவங்க எல்லாம் காலையில அங்க ஜாலான் ஜாலான்னு காலாற நடக்குறாங்க.

— ஒரு பக்கம் கடல்னு லேசாச் சொல்றீங்க. திவ்யா போட்டோ காட்டினா. பாறை அப்படியே கீழ இறங்குது. பாத்ததுமே எனக்குக் கால் கூசிடுச்சு.

— அதான் கம்பி வேலி போட்டிருக்காங்கல்ல?

— அது உங்க இடுப்பு ஒசரந்தான் இருக்கு.

— அட, துறைமுகத்துல கிரேன் ஓட்டியே ரிட்டையர் ஆனவன் நான். கப்பல் எல்லாம் கீழ தீப்பெட்டி கணக்கா தெரியும். அந்த ஒசரத்துல உக்காந்து மீ கோரெங் சாப்பிட்டவன், இந்தக் குன்றுலேருந்து விழுவேனா?

— அப்ப நீங்க வேற ஆளு.

— ம்.

— கோவமா? வாய் தவறிச் சொல்லிட்டேங்க.

— கோவம் ஒண்ணும் இல்ல. உள்ளதத்தானே சொன்ன. அந்த டாக்டர் பொண்ணு என்ன சொன்னாங்க? இந்த மறதி மெதுவாத்தான் கூடும், அதுக்குள்ள ஆசப்பட்ட இடத்துக்கெல்லாம் போயிட்டு வாங்கன்னுதானே? எனக்கு ஊட்டியும் வேணாம், ஜப்பானும் வேணாம். அங்க மேல நின்னா துறைமுகம் தெரியும், கப்பல் தெரியும். அதெல்லாம் என்னன்னு எனக்குத் தெரியும்போதே ஒரு தடவ பாத்துடணும் மதி. அவ்ளோதான்.

— அப்படின்னா திவ்யாவும் மாப்பிள்ளையும் கூட வரட்டும்.

— மாப்பிள்ளை வந்தா என் கைய விடவே மாட்டாரு. கைதிய கோர்ட்டுக்குக் கூட்டிட்டுப் போற மாதிரி இருக்கும். நீயும் நானும் போதும். ஃபிளாஸ்க்ல கோப்பி எடுத்துக்க. நடுவுல பெஞ்சு இருக்கு, உக்காந்து குடிச்சிட்டு வரலாம்.

— போன வாரம் தேக்கா மார்க்கெட்டுக்கும் நீங்களும் நானுந்தான் போனோம்.

— அத விடேன்.

— எப்படி விடுறது? மீன வாங்கிட்டுத் திரும்புறேன், உங்களக் காணோம். என்னங்க, என்னங்கன்னு தொண்ட கிழியக் கத்துறேன். மார்க்கெட்ல இருக்குற புருஷன் எல்லாம் திரும்பிப் பாக்குறான், நீங்க மட்டும் பாக்கல. அந்த மீன்கடை ரியாஸ், 'அண்ணன் பேரச் சொல்லுங்கக்கா, நான் கூப்பிடுறேன்'னான். எனக்கு வாய் வரல. பர்ஸத் தொறந்து உங்க பேர் போட்ட ஐசி கார்டக் காட்டினேன்.

— அவன் கூப்பிட்டதும் நான் வந்துட்டேன்ல?

— வந்தீங்க. பக்கத்துல வாழைப்பழக் கடையிலதான் நின்னிருக்கீங்க. நான் கத்தினது காதுல விழலையான்னு கேட்டேன். விழுந்துச்சு, யாரோ ஒரு பொம்பள யாரையோ கூப்பிட்டுக்கிட்டு இருந்துச்சுன்னீங்க.

— நானா அப்படிச் சொன்னேன்?

— அன்னையிலேருந்து எனக்கு சோறு எறங்கல.

— சரி, அதுலயே வழியும் இருக்கு பாரு. எங்கம்மா கூப்பிட்டுப் பழகின பேராச்சே, அதச் சொன்னா நான் திரும்புறேன். அங்க நான் எங்கயாச்சும் ஓரமா நகர்ந்தா நீ பேர் சொல்லிக் கூப்பிடு. முடிஞ்சுது விஷயம்.

— நான் சொல்ல மாட்டேன்.

— மதி...

— கட்டினவ பேர் சொன்னா புருஷன் ஆயுசு குறையும். கோயில்ல அர்ச்சனைக்குக்கூட உங்க பேர திவ்யாவத்தான் சொல்லச் சொல்றேன். பாலிகிளினிக்ல நர்ஸ் கேட்டாலும் கார்டத்தான் நீட்டுறேன்.

— திவ்யா அவ புருஷன் பேர வீடே அதிரச் சொல்றா. அவரு குத்துக்கல்லாட்டம் இல்லையா?

— அவ வேற, நான் வேற. இத்தன வருஷம் வாயக் கட்டி உங்களக் காப்பாத்திட்டேன். இப்ப உடம்புக்கு வந்திருக்குற நேரத்துல போயி சொல்லச் சொல்றீங்களே! எனக்குப் பயமா இருக்குங்க. நெசமாவே பயமா இருக்கு.

— நான் அந்த வேலியத் தாண்டும்போது நீ என்னங்க என்னங்கன்னு கத்துற. யாரோ ஒரு பொம்பளன்னு நெனச்சு நான் பாட்டுக்கு நடந்துட்டா? அப்ப ஆயுசு எங்க போகும்?

— வாய மூடுங்க! முருகா...

— அழாத. இங்க பாரு. இப்பவே ஒரு ஒத்திகை பாத்துடுவோம். நான் ரூமுக்குள்ள போயி ஜன்னலப் பாத்து உக்காந்துக்குறேன். நீ கொஞ்சம் பொறுத்து, நான் வேற நெனப்புல இருக்கும்போது கூப்பிடு. பேர் சொன்னதும் வந்தேன்னா ஞாயித்துக்கெழம போறோம். வரலன்னா அந்தக் கடலப் பத்தி இந்த வீட்டுல பேச்சே எடுக்க மாட்டேன்.

— ஜன்னல் கிரில் பூட்டியிருக்கா?

— நீதானே பூட்டின. சாவிய தாலியில கோத்து வச்சிருக்க, அப்புறம் என்ன?

— கதவச் சாத்தாதீங்க.

— சாத்தல லா. போறேன்.

— முருகா, இவரு பிடிச்ச பிடிய விடமாட்டாரு. இந்நேரம் நெனப்பு வேற எங்கயாச்சும் போயிருக்கும்... என்னங்க!

— என்னங்க, கேக்குதா?

— திவ்யா அப்பா! கோப்பி ஆறிப்போச்சு, வாங்க!

— விளையாடாதீங்க. கூப்பிடுறேன், தலையக்கூடத் திருப்ப மாட்டேங்குறீங்க.

— முருகா, மன்னிச்சுடு. குறைக்கணும்னா என் ஆயுசுல குறைச்சுக்க, அவரோடதத் தொடாத. வே... வேலாயுதம்.

— வேலாயுதம்!

— இதோ வந்துட்டேன்!

— வந்துட்டீங்களா! அப்பாடா! சொல்லிட்டேன் பாத்தீங்களா, உங்க பேர சொல்லிட்டேன்! போலாங்க. ஞாயித்துக்கெழம நீங்களும் நானும் மட்டும் போலாம். கம்பியப் பிடிச்சுக்கிட்டு எவ்ளோ நேரம் வேணும்னாலும் கப்பலப் பாருங்க, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். ஏங்க, ஏன் அங்கயே நிக்கிறீங்க? கைய எதுக்குப் பின்னால மறைக்கிறீங்க? என்னப் பாருங்க.

— அடிக்காதம்மா. நான் கடல் பக்கம் போகவே இல்லம்மா.