இழுத்தா நீளுற பைப்பு

ஹலோ... ஆ, அக்கா, சொல்லு... மருதமுத்துதான் பேசுறேன், என் போனை வேற யாரு எடுப்பா... வீட்டுல இல்ல. சாமான் கடையில நிக்கிறேன்... ஆமா, பைப்பு வாங்கத்தான்... ஆமா, குசினி சிங்க்குக்குத்தான்... ஆமா, கலைக்குத் தலை குளிப்பாட்டத்தான். எத்தனை தடவை கேட்டாலும் அதே பதில்தான்கா.

...

இரு, இரு. என் மகன் புவனேஷ் சின்னப் புள்ளையா இருந்தப்ப உன்னை ஒரு கேள்வி கேட்டானே, ஞாபகம் இருக்கா?... குசினியில நின்னு தலை சீவாதே, சாமி கோவிச்சுக்கும்னு நீ அவங்கம்மா கலைகிட்ட சொன்னே. "அப்ப ஹால்ல சீவுனா சாமிக்குத் தெரியாதா அத்தை"ன்னான்... ஆ, அதான். நீ என்ன பதில் சொன்னே?... கையில ஒரு முறுக்கைக் குடுத்து வெளிய அனுப்பிட்டே. அவன் சிங்கப்பூர்ல வேலைக்கே போயிட்டான், இன்னும் பதில் வரல.

சிரிக்காதக்கா. சண்டைக்குத்தான் கேக்குறேன்.

...

யாரு, தேவமலர் சொன்னாளா... அவ பக்கத்து வீட்டுல இருக்காளா, இல்ல என் வீட்டு கூரை மேல இருக்காளா... சரி, நடந்தது உண்மைதான். பூச்செடிக்குத் தண்ணி விடுற ஹோஸை குசினி பைப்புல சொருகிப் பாத்தேன். பாதியில புடுங்கிக்கிச்சு. அரிசி மூட்டை நனைஞ்சி போச்சி... முழுசா இல்லக்கா, பாதி... வீணாக்கல. காய வச்சி அரைச்சிட்டேன். இப்ப தினம் புட்டுதான். கலைக்குப் புட்டு புடிக்கும்... அதனாலதானே இன்னிக்கு ஒழுங்கான பைப்பா பாத்து வாங்க வந்திருக்கேன்.

...

பாத்ரூமா? அங்கதானேக்கா விழுந்தா. ஸ்ட்ரோக் வந்து விழுந்தது அந்த வாசல்லதானே. கதவைத் திறந்தாலே நல்லா இருக்கற கையால என் சட்டையைப் புடிச்சிக்கிறா. ரெண்டு சட்டையில பட்டன் இல்ல... உடம்புக்குத் துணி நனைச்சித் துடைச்சி விட்டுடறேன். தலைக்கு என்ன பண்றது?... ஒரு மாசமா தலையில தண்ணி படலக்கா. வாடை அடிக்குதுன்னு அவளுக்கே தெரியுது. போன ஞாயித்துக்கிழமை நீ வந்தப்ப தூங்குற மாதிரி கிடந்தாளே... அது தூக்கம் இல்ல.

...

ஹலோ... ஆ, கேக்குது.

...

நாளைக்கா... யாரைக் கூட்டிக்கிட்டு வர்றே... சலூன் வச்சிருக்காளே, அந்த மோகனாவா... எதுக்கு?... முடியை வெட்டவா?... எவ்வளவு கட்டையா?... ஆம்பள கிராப்பு மாதிரியா.

...

வேணாம்கா.

...

வேணாம்னு சொன்னேன். சுலபம்தான், தெரியும். பாக்கிறவங்களுக்கு சுலபம், துடைக்கிறவனுக்கு சுலபம், எல்லாருக்கும் சுலபம் லா. அவளுக்கு?... கேட்டேன். நானே கேட்டேன். வெட்டிடலாமா கலைன்னு கேட்டேன். அவளுக்குப் பேச்சுதான் வர மாட்டேங்குதே. பின்னலை இழுத்து கழுத்துக்கு அடியில வச்சி, அது மேலயே அமுக்கிப் படுத்துக்கிட்டா. அதுக்கு மேல எனக்கு என்ன பதில் வேணும்?

...

இரு... தவுக்கே, இனி போலே தாரிக் லாகி?... உன்கிட்ட இல்லக்கா, கடைக்காரர்கிட்ட கேக்குறேன். இன்னும் நீளமா இழுக்க முடியுமான்னு... வருது, வருது. கழுத்தைப் புடிச்சி இழுத்தா உள்ளருந்து ஹோஸ் நீண்டு வருது. பட்டனை அமுக்குனா ஷவர் மாதிரி ஊத்தும். விட்டா தானா உள்ள போயிடுது. கீழ ஒரு கனமான குண்டு தொங்குது, அது இழுத்துக்குது... ஆமா, பாத்திரம் கழுவறதுக்குத்தான் கண்டுபுடிச்சாங்க. நான் வேற வேலைக்கு வாங்குறேன்.

...

பின்னால சாய்க்க மாட்டேன்கா. கழுத்தைப் பின்னால மடக்கக் கூடாதுன்னு பிசியோ பாக்கிற பொண்ணு சொல்லியிருக்கு. நாற்காலியில உக்கார வச்சி, சிங்க் ஓரத்துல துண்டை மடிச்சிப் போட்டு, நெத்தியை அதுல வைக்கணும். இப்ப இருக்கற பைப்பு அசையாது, தண்ணி நடுவுலதான் விழும். இது பின்கழுத்து வரைக்கும் வருமான்னு பாக்கணும்... அதைத்தான் பாத்துக்கிட்டு இருக்கோம். தவுக்கே அவரே நாற்காலியைப் போட்டு, காட்சிக்கு வச்சிருக்கற சிங்க்குல தலையைக் கவுத்துட்டு உக்காந்திருக்காரு... நிஜமாக்கா. தலையில முடியே இல்ல, பாவம். வர்றவங்க எல்லாரும் நின்னு பாக்குறாங்க. காதுக்குப் பின்னால வரைக்கும் தாராளமா எட்டுது... நான் கேக்கல. எதுக்குன்னு விசாரிச்சாரு, சொன்னேன், போயி உக்காந்துட்டாரு. முருகன் எந்தக் கடையில யாரா உக்காந்திருப்பான்னு யாருக்குத் தெரியும்.

...

வந்துட்டியா, கூழுக்கு வந்துட்டியா. தலை கழுவுன குசினின்னு ஆடி மாசம் அங்க கை வைக்க மாட்டே, அவ்வளவுதானே... அக்கா, கூழு கோயில் பின்னால கொட்டாய்லதான் கொதிக்குது. என் குசினியில நீங்க எல்லாரும் உக்காந்து வெங்காயம் உரிப்பீங்க, ஊர்க்கதை பேசுவீங்க... சரி, அதுவும் ஆத்தாவுக்குத்தான். உரிக்கிற வெங்காயம் ஆத்தாவுக்கு, ஒத்துக்கிறேன். அந்த வெங்காயத்தை இருபது வருசமா உக்காந்து உரிச்சது யாரு?... கலைதானே. அந்தத் தலை பாரமா கிடக்கறப்ப ஆத்தா வந்து, சிங்க்குல முடி விழுந்துச்சான்னா பாப்பா?

...

கழுவுவேன். மஞ்சத் தண்ணி ஊத்திக் கழுவுவேன். ஒரு முடி இருந்தா என்னைக் கேளு.

...

ஆமா, வேலைக்காரன்தான். பொண்டாட்டிக்கு வேலைக்காரன். போர்டு எழுதி வீட்டு முன்னால மாட்டிக்கவா?... பாக்கட்டும் லா. இந்த புக்கிட் காத்தில் ஊரு முழுக்க வந்து பாக்கட்டும்... இல்லக்கா, ஆள் வைக்க மாட்டேன். முன்னப்பின்ன தெரியாத ஆளு முன்னால அவ தலையைக் கவுக்க மாட்டா. என் முன்னால கவுப்பா.

...

என்னது?

...

அப்படி என்ன செஞ்சிட்டாளா... எனக்கு அவ அப்படி என்ன செஞ்சிட்டாளான்னு கேக்குறியா.

...

லைன்லதான் இருக்கேன்.

...

ஒண்ணும் இல்லக்கா. அதை விடு... இல்ல, சொல்ல மாட்டேன்... கோவம் எல்லாம் இல்ல. நீ கேட்டது தப்பில்ல, தெரியாமதான் கேக்குறே. தெரியாமயே இருக்கட்டும்.

...

ஒரு நிமிசம் இரு... இல்ல தவுக்கே, அந்தக் கறுப்பு வேணாம்... அழகாத்தான் இருக்குக்கா, வளைஞ்சி, கொக்கு மாதிரி. ஆனா அதுக்கு சுடுதண்ணி லைன் ஒண்ணு, பச்சைத் தண்ணி லைன் ஒண்ணு வேணுமாம். என் குசினிக்கு வர்றதே ஒரு லைன்தான். வாங்கிட்டுப் போயிருந்தா பாதி பைப்பு சும்மா தொங்கும்... இந்த வெள்ளிக் கலரு. சாதா. ஆனா ஹோஸ் இதுலதான் நீளம்... குளிராது. நம்ம வீட்டு லைன் வெளிச் சுவத்துலதானே ஓடுது, மத்தியான வெயில்ல தண்ணி வெதுவெதுன்னு வரும். கையை வச்சிப் பாத்துட்டுத்தான் ஊத்துவேன். அது கூடவா எனக்குத் தெரியாது.

...

இன்னிக்கே. பைப்பு மாட்டுற ஆள் கூடவே வர்றாரு.

...

அக்கா, கேளு. நீ எனக்குப் பெரியவ. நீ திட்டு, கேட்டுக்கிறேன். நாளைக்கு வா. மஸ்ஜித் தானாவுல இருந்து அவ்வளவு தூரம் வர்றவளை வேணாம்னு சொல்ல மாட்டேன். மோகனாவும் வரட்டும், சீப்பு எடுத்துக்கிட்டு வரட்டும், சிக்கு எடுத்துப் பின்னி விடட்டும். கத்தரிக்கோல் வந்தா கேட்டைத் திறக்க மாட்டேன்... ஆமா, உன்னை வெளியதான் நிக்க வைப்பேன்... அக்காவா இருந்தாலும்தான்... மழை பேஞ்சா குடை தர்றேன்.

...

இனிமே என் வீட்டுல பச்சைத் தண்ணி கூடக் குடிக்க மாட்டியா?... சரி. வீட்டுல இருந்து போத்தல்ல கொண்டு வா. ஆனா வா. அவ பக்கத்துல வந்து உக்காரு. நாளைக்கு அவ தூங்குற மாதிரி நடிக்க மாட்டா.

...

ஹலோ... அக்கா... ஹலோ...

வச்சிட்டா.

*

பைப்பு மாட்டியவர் போன பிறகு மருதமுத்து பின்கதவைத் தாழிட்டார். சன்னல் கம்பியில் ஒரு கைலியைக் கட்டி மறைத்தார். மனைவியைக் கைத்தாங்கலாகக் கூட்டிவந்து நாற்காலியில் உட்கார வைத்ததும், கலைமகள் தானே மெல்லக் குனிந்து துண்டின் மேல் நெற்றியை வைத்துக்கொண்டார்.

கல்யாணமான முதல் வருஷம், தோட்டத்து ரப்பர் ஆலையில் அமிலம் தெறித்து மருதமுத்துவின் இரண்டு கைகளும் கட்டுக்குள் கிடந்தன. லயத்து வரிசை வீடுகளில் யாரும் எழுந்திருக்கும் முன்பே கலைமகள் அவரைக் வெளிக்குப் போன பின் கழுவிவிட்டு, குளிப்பாட்டி, உடுத்திவிட்டு, எல்லாம் செய்துவிடுவார். மாமியார் கேட்டபோதும் நாத்தனார் கேட்டபோதும், "அவரே பாத்துக்கிறாரு" என்று சொன்னார். இன்றுவரை அதை மாற்றிச் சொன்னதில்லை.

மருதமுத்து பைப்பின் கழுத்தைப் பிடித்து இழுத்தார். தண்ணீரை முதலில் தன் மணிக்கட்டில் விட்டுப் பார்த்தார். பிறகு பின்கழுத்தில் தொடங்கி, காது மடலைக் கையால் மறைத்துக்கொண்டு, மெதுவாக நனைத்தார். சீயக்காய் போட்டுத் தேய்த்தபோது ஓடிய தண்ணீர் கறுப்பாக இருந்தது, பிறகு கலங்கலாக வந்தது, பிறகு தெளிந்தது. தெளிந்த பிறகும் அவர் மூடவில்லை. கலைமகளின் தோள்கள் கொஞ்சம் கொஞ்சமாகத் தளர்ந்து இறங்கும்வரை ஊற்றிக்கொண்டே இருந்தார்.