மூடிக்குப் பொருத்தமான லென்ஸ்

மூடி வேண்டாம் மோளே, மூடி கையில இருக்கு. இன்னா பாருங்க. இதுக்கு லென்சுதான் வேணும். எல்லாரும் மூடியத் தொலச்சிட்டு மூடி கேட்டு வருவாவ, நான் நேர் எதிரு. சிரிச்சுக்கோங்க, கொழப்பமில்ல.

தமிழ் பேசுவியள்லா? கார்டுல பேரு பாத்தேன், ஷிஜான்னு. பாறசாலையா? அப்பம் எல்லைதானே, நம்ம ஊரு மாதிரிதான். எனக்கு மலையாளம் நல்லா வரும், இங்க சாலை பஜார்ல கட போட்டு தலை நரச்சாச்சு, வராம இருக்குமா. ஆனா இந்தக் காரியத்த மலையாளத்துல கேக்க வாயி வரல்ல. தாணுன்னு பேரு. கயிறு, தார்ப்பாயி, பிளாஸ்டிக் சீட்டு. சாலையில எறங்கி தார்ப்பாயிக்காரன்னு கேட்டா எந்தப் பிள்ளையும் காட்டித் தரும்.

அந்தக் கார்டு தொங்குற வள்ளி, அந்த நாடா, உங்க செயின்ல சுத்திக் கெடக்கு. இழுக்காதீங்க, அறுந்துரும். மெல்ல. ஆங், வந்துட்டு. அடிக்கடி இப்படி மாட்டுமோ? செரி செரி, அது பொறவு கேக்கேன். மொதல்ல லென்சப் பாப்போம்.

எழுபத்தியேழா? உள்பக்கமே எழுதியிருக்கா? நான் அத ஏதோ கம்பெனி நம்பருன்னு நெனச்சேன். அப்பம் எழுபத்தியேழு வாயி உள்ள லென்சு என்னெல்லாம் இருக்கோ அதெல்லாம் எடுங்க. இல்ல, எல்லாம் வேண்டாம். எங்க வீட்டுல வச்சிருந்த கம்பெனி இது, இன்னா போன்ல அந்தக் கேமராவுக்க படம் இருக்கு. அதுக்கு மாட்டுறது மட்டும் மதி, போதும்.

ரெண்டா? ரெண்டுக்கும் இதே மூடியா? ஒண்ணு குட்டையா தடியா இருக்கு, மத்தது நீட்டமா இருக்கு. வாயி மட்டும் ஒரே அளவு. பாத்திரக்கடையில கூட இப்படிச் செய்ய மாட்டாவ மோளே, குடத்துக்கும் கிண்ணத்துக்கும் ஒரே மூடி.

எடுக்கதுக்கு என்னன்னா... மழதான். மழக்கோளு, மின்னலு, கடலு, மானம் இருட்டிக்கிட்டு வருமுல்லா, அது.

இந்தக் குட்டையா? அகலமா எடுக்கது. செரி. ஒண்ணு கேக்கேன், நீங்களா சொல்லுகியளா, இல்ல எல்லாருமே அப்படித்தான் சொல்லுவாவளா? நூறு பேரு வந்து புயல எடுக்கணும்னு கேட்டா நூறு பேருக்கும் இததான் எடுத்து வைப்பியளா? தொண்ணூறா. ம். தொண்ணூறுன்னா நல்லதுதான். தொண்ணூறு மதி.

எனக்கில்ல, நான் எடுக்க மாட்டேன். போன்ல எடுத்தாலே எனக்கு வெரலு முன்னால வந்து நிக்கும். எங்க வீட்டுல. கலைச்செல்வி. மவ ஆர்யா பெங்களூர்ல வேலைக்குச் சேந்த ஒடனே அம்மைக்கு ஒரு கேமரா வாங்கி அனுப்பினா. அம்பது வயசுல கேமரா. ஒனக்கு இது எதுக்கு, கல்யாண வீட்டுல போட்டோ பிடிக்கப் போறியான்னு கேட்டேன். அவ நேரா மொட்ட மாடிக்குப் போனா. பொறவு எறங்கி வந்து காட்டினா. ஆளு இல்ல, பூவு இல்ல. பூரா மேகம். நான் சொன்னேன், இதுல என்னட்டீ இருக்கு, ஒண்ணுமில்லியே. அதான் இருக்குன்னா.

இந்த லென்செல்லாம் அவளே பழசாத் தேடி வாங்கினது. என்ன வாங்கினா, எதுக்கு வாங்கினான்னு நான் கேட்டதில்ல. கேட்டிருந்தா இப்பம் உங்க முன்னால வந்து நிக்காண்டாம்.

மழ வந்தா எனக்குக் கடைய விட்டு எறங்க ஒக்காது. எடவப்பாதி மழையில தார்ப்பாயிக்கு ஆளுக சண்ட போடும். அதே மழைக்கு அவ ஸ்கூட்டர எடுத்துட்டு கடலோரமா சங்குமுகத்துக்கோ வலியதுறைக்கோ போவா. ஒரே சீசன் எங்க ரெண்டு பேருக்கும். அங்க நின்னு போன் பண்ணுவா, ஏங்க, மானத்தப் பாருங்கன்னு. சாலையில நின்னா மானம் எங்க தெரியும்? மேல பூரா நான் வித்த தார்ப்பாயிதான்.

செரி, இத ஒரு கேமராவுல மாட்டித் தாங்க. நான் பாக்கணும். எந்தக் கண்ணு? வலதா?

அம்மாடி. கட எம்புட்டு பெருசா போச்சு. அந்தச் சொவரு, இந்தச் சொவரு, ரெண்டும் ஒண்ணா தெரியுது. இதுல பாத்தா நான் கூட பணக்காரன்தான். ஒரு ஒபகாரம் செய்யுங்க மோளே. வாசல்ல போயி நில்லுங்க. அங்கருந்து என்னப் பாத்து மெல்ல நடந்து வாங்க. நான் கண்ண எடுக்க மாட்டேன். வாங்க. இன்னும் வாங்க. வாங்கன்னு சொல்லுகேன்லா. அங்கேயே நிக்கியளே... ஐயோ! மன்னிச்சிருங்க, தெரியாம கை பட்டுட்டு. சத்தியமா. அந்த மேசைக்கு அந்தாண்ட நிக்கியன்னுல்லா நெனச்சேன். இம்புட்டுப் பக்கத்துலயா வந்திய?

அப்பம் இதுல பக்கத்துல இருக்கது தூரமாத்தான் தெரியும். தூரத்துல இருக்கது அதுக்கும் தூரமா. சின்னதாவும் தெரியும். அதனால அகலத்துல எடுக்கவங்க முன்னால முன்னால போவாவளா? படம் காலியா தெரியுமேன்னு ஒரு அடி வைப்பாவ. பொறவும் காலியா தெரியும், இன்னொரு அடி. அப்படியா? படிப்பிச்சுக் குடுக்கவங்களே அப்படித்தான் சொல்லுவாவளா? பக்கத்துல போ, பக்கத்துல போன்னு.

நல்லதாப் போச்சு. நீங்க ஏன் அப்படிப் பாக்கிய? நல்ல காரியந்தான் சொன்னிய.

மத்ததா? அது வேண்டாம். இல்ல... செரி, அதயும் மாட்டுங்க. பாக்காம போனா ராத்திரி அதுவே கெடந்து கொடையும்.

எப்பா! ரோட்டுக்கு அந்தப் பக்கம் நிக்குற பஸ்சு மூக்குல வந்து முட்டுது. டிரைவருக்க மீசை தெரியுது. இதுல பாத்தா யாரும் தன்னால பின்னால ஒரு அடி வச்சிருவாவ, நானே வச்சேன் பாத்தியளா. இத மாட்டிக்கிட்டு ஒரு ஆளு அங்க நின்னிருக்க முடியாது. நிக்கணும்னு நெனச்சாத்தான் நிக்கலாம்.

அலைக்கு இதயும் எடுப்பாவளா? அல பெருசா வருமா. அத எதுக்கு மோளே இப்பம் சொல்லுகிய? தொண்ணூறு பேருன்னு சொன்னியள்லா. மீதி பத்து பேரு இதாக்கும். செரி. நீங்க உள்ளதச் சொல்லுகிய, உங்க மேல தப்பில்ல. ஆனா அவளுக்கு அல வேண்டாம், அவளுக்கு மானந்தான். இன்னா, போன்ல அவ எனக்கு அனுப்பினது. வலியதுறையில எடுத்தது, கடலு ஏறாம இருக்கக் கல்லு அடுக்கிப் போட்டிருக்காவல்லா, அதுக்க மேல நின்னு. முக்கால்வாசி மேகம். அல எங்க இருக்கு பாருங்க, கீழ ஒரு வெள்ளக் கோடு.

ஓரத்துல நிக்குற கரண்டு போஸ்டா? ஆமா, சாஞ்சு நிக்கு. காத்துல சாஞ்சதுன்னு நெனச்சேன். லென்சாலயா? அகலத்துல எடுத்தா ஓரத்துல நிக்கதெல்லாம் சாயுமா? அப்பம் இந்தப் படம் இந்தக் குட்டையில எடுத்ததுதான். உறப்பா? நிச்சயந்தானே? நான் நேத்து அந்தக் கல்லுல போயி நின்னேன் மோளே. போஸ்டு நேராத்தான் நிக்கு. அந்த வெள்ளக் கோடு இருக்கே, அது கால நனைக்குது.

இல்ல, இது முன்ன ஒரு நாளு எடுத்தது. கடைசியா எடுத்தது இல்ல. கடைசி படம் கேமராவுலல்லா இருக்கும்.

கேமராவ எப்படிக் கொண்டு வர? கேமரா இல்ல. பையும் இல்ல, தோள்லதான் போட்டிருந்தா, ஒரு லென்சு பையில, ஒண்ணு கேமராவுல. எல்லாத்தயும் கடலு எடுத்துட்டு. அவளயும்தான். பேப்பர்ல ஒரு மூலையில போட்டிருந்தாவ, பாத்திருக்க மாட்டிய. பேரக் கூட கலாசெல்வின்னு தப்பாப் போட்டிருந்தாவ. அவ வேளிக் கரையில வந்து ஒதுங்கிக் கெடந்தா. கேமரா வரல்ல.

இருக்கட்டும், தண்ணி வேண்டாம். நீங்க உக்காருங்க, நான் நிக்கேன்.

இந்த மூடி மட்டும் ஸ்கூட்டருல இருந்தது. காத்துல பறந்துரும்னு அவ ஸ்கூட்டர் பக்கத்துலயே மூடியக் கழட்டி சீட்டுக்கு அடியில போட்டுட்டுத்தான் நடப்பா. அதனாலதான் வந்தேன். எது கேமராவுல இருந்ததுன்னு இந்த மூடி சொல்லும்னு நெனச்சேன். இது என்னன்னா ரெண்டுக்கும் பொருந்துது.

போலீசுக்காரங்க கால் வழுக்கிச்சுன்னு எழுதியாச்சு. சொந்தக்காரங்களும் அப்படித்தான் பேசுகாவ. யாரும் ஒண்ணும் கேக்கல்ல. ஆர்யாவும் கேக்கல்ல. தெனமும் போன் பண்ணுவா, சாப்பிட்டியாப்பான்னு கேப்பா, பொறவு ரெண்டு பேரும் சும்மா லைன்ல இருப்போம். அம்மைக்கு ஏதாவது சங்கடம் இருந்துச்சாப்பான்னு அந்தச் சத்தமில்லாத எடத்துல அவ கேக்குற மாதிரி எனக்குத் தோணும். நான் என்ன சொல்ல? எங்களுக்குள்ள சண்ட இல்ல மோளே. அதான் கொழப்பம். சண்ட இருந்திருந்தா ஒரு வழி தெரியும்லா. அண்ணைக்குக் காலையில கூட தோச சுட்டுக் குடுத்தா, சட்டினியில உப்பு கூடிப்போச்சுன்னு சொன்னேன், ஆமான்னா. மத்தியானம் போன் வந்தது, மானத்தப் பாருங்கன்னு. கடையில ஆளு நிக்குட்டீ, வைன்னு சொன்னேன். அது எப்பவும் சொல்லுகதுதான். அவளும் எப்பவும் போல வச்சா. எப்பவும் போலத்தான் வச்சான்னு நான் நெனைக்கேன்.

சனியாழ்ச்ச ஆர்யா வாறா. இந்தக் குட்டைக்கே பில்லு போடுங்க, பழைய கேமரா ஒண்ணும் சேத்து. அவ கண்ணுல இத வச்சுட்டு நான் வாசல்லருந்து நடந்து வருவேன், நீங்க வந்த மாதிரி. அப்பாவுக்க கை அவ மேல படட்டும். பாத்தியா மக்கா, அப்பா இம்புட்டுப் பக்கத்துல வந்தது ஒனக்கே தெரியல்லியே, அம்மைக்கு அல வந்தது எப்படித் தெரிஞ்சிருக்கும்னு கேப்பேன். அதுக்கு மேல எனக்குப் பேச வராது. அந்த லென்சு பேசட்டும்.

இல்ல, மூடியத் துடைக்காண்டாம், அந்தக் கீறலு போகாது. செயினு ஒரசினது. சீட்டுக்கு அடியில இருந்தது மூடி மட்டும் இல்ல. மூடிக்க உள்ளதான் தாலிச்செயினச் சுருட்டி வச்சிருந்தா. ஸ்டேசன்ல யாரும் சீட்டத் தொறந்து பாக்கல்ல, நான்தான் வீட்டுல வந்து தொறந்தேன். ஆர்யாவுக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது, இப்பம் ஒனக்கு மட்டும். இன்னா, பாக்கெட்டுலதான் கெடக்கு. ஆஸ்பத்திரியில பிரசவத்துக்குக் கூட கழட்டாதவ.

கேமராவுக்க வள்ளி செயின்ல மாட்டும் இல்லியா? காத்துல, மழயில, கையும் ஒழியாதப்போ அது பெரிய எடஞ்சலுதானே. ஒனக்கு இந்தக் கார்டு வள்ளியே மாட்டிச்சு, நான் கண்ணால பாத்தேனே. நீயும் கேமரா எடுக்கவதானே மோளே. கேமராவக் கழுத்துல மாட்டும்போ நீ செயினக் கழட்டி வைப்பியா? கழுத்தத் தொட்டுப் பாக்காண்டாம். யோசிக்காமச் சொல்லு.