விசில் மாமா வேண்டாம்

இல்லம்மா, டோக்கன் எடுக்கலை. உங்களைத்தான் பாக்க வந்தேன். புதுப் படகுக்குப் பேர் எழுதிப் போடுங்கன்னு படகுத்துறையில பெட்டி வெச்சீங்களே, அந்தச் சீட்டுதானே பிரிக்கிறீங்க? பிரிங்க, பிரிங்க. மூணு மணிக்குப் பெரிய அதிகாரி வந்து பேரை அறிவிக்கிறாராமே. இப்பவே ரெண்டேகால். அதான் ஓடி வந்தேன்.

என்ன சிரிக்கிறீங்க? லேட்டம்மாவா! அதுக்கு இருபது சீட்டா! நியாயம்தானே, பழைய படகு என்னைக்கு நேரத்துக்குக் கிளம்புச்சு? அதையே வெச்சிருங்கம்மா, பொருத்தமா இருக்கும்.

ஆமா, நான்தான் அந்த விசில் மாமா. எப்படிக் கண்டுபிடிச்சீங்க? ஓ, கழுத்துல தொங்குதா. வேலையை விட்டு ரெண்டு வருஷமாச்சு, இதைக் கழட்டத்தான் மறந்துபோகுது.

உக்காரலைம்மா. என் பேரை எடுத்துருங்க, அவ்வளவுதான். அடக்கமும் இல்ல, கிடக்கமும் இல்ல. உயிரோட இருக்கறவன் பேரை வெக்கலாமா? வெக்கலாம்ங்கிறீங்க... சரி, இங்கயே வேலை பாத்தவன் பேர் கூடாதுன்னு ஏதாச்சும்? அதுவும் இல்லையா. தும்மினாக்கூட விதி காட்டுற ஆபீஸ், இதுக்கு மட்டும் கையை விரிக்குது பாருங்க.

என் பேருக்கு எத்தனை சீட்டு? நானூறா! ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

முதல் சீட்டா? வேண்டாம், படிக்காதீங்கம்மா. படிச்சிட்டீங்க. ‘என் மகன் தண்ணியில விழுந்த அன்னைக்கு என் கையை விடாம நின்ன அண்ணன்.’ ஆமா, அவங்க எழுத்துதான். கடைவீதியில துணி தைக்கிறாங்களே, அந்தம்மா. பதினோரு வருஷமா என்னை அண்ணேன்னுதான் கூப்பிடுறாங்க. வீட்டுல நல்லது கெட்டது எதுவானாலும் முதல்ல எனக்குத்தான் சொல்லுவாங்க.

தண்ணி வேண்டாம்.

எங்க வேலை தெரியுமா உங்களுக்கு? கடைசி ஆள் ஏறினதும், கரைக்கும் படகுக்கும் நடுவுல போட்ட பலகையை உள்ள இழுத்துப் போடுவாங்க. டொம்னு விழும். நான் கண்ணால பாத்துட்டு ரெண்டு விசில் குடுக்கணும். டிரைவர் முன்னாடி நிக்கிறார், அவருக்குப் பின்னாடி தெரியாது. என் விசில்தான் அவருக்குக் கண்ணு. ரெண்டு கேட்டா எடுத்துருவார். நான் எங்க பாத்தேன்? குனிஞ்சு கயிறு அவுத்துக்கிட்டே, டொம்னு கேட்டதும் ஊதிருவேன். அரை நிமிஷம் மிச்சம் பாருங்க. பழகின காது, ஏமாத்தாதுன்னு ஒரு திமிர்.

அந்தப் பையன் செத்ததுக்கு, பலகை வழுக்கிருச்சுன்னு எழுதி ஃபைலை மூடிட்டாங்க. என்னை யாரும் கேக்கலை. கேட்டிருந்தா சொல்லியிருப்பேன்னு சத்தியம் பண்ணவும் மாட்டேன்.

தெரியாதும்மா, அந்தத் தையக்காரம்மாவுக்கு எப்படித் தெரியும்? வெளிய பெஞ்சுலதான் இருக்காங்க, என் குடையை மடியில வெச்சுக்கிட்டு. பேர் அறிவிக்கிறதைக் காதால கேக்கணுமாம். மெதுவாப் பேசுங்க. அந்தக் கதவைக் கொஞ்சம் சாத்துங்க.

நாளையிலேர்ந்து அவங்க அந்தப் படகுலதான் வேலைக்குப் போகணும். என் பேரைத் தொட்டுத்தான் ஏறணும்.

அன்னைக்கும் டொம்னு கேட்டுச்சு. ஊதிட்டேன், டிரைவர் எடுத்துட்டார். அது பலகை இழுத்த சத்தம் இல்லம்மா. பையன் ஓடி வந்து பலகை மேல குதிச்ச சத்தம்.

மணி என்ன? மூணாகப் போகுதா? அப்ப உங்களால எடுக்க முடியாது. சரி, கதவைத் திறங்க. பேர் அறிவிக்கிறதுக்கு முன்னாடி அவங்களை உள்ள கூப்பிடுங்க.