பால் கறை

பால் கறையை வெந்நீரில் நனைக்கவே கூடாது, டாக்டர். சூடு பட்டால் நூலோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் என்ன செய்தாலும் போகாது. முட்டையும் அப்படித்தான். பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டு, பொறுமையாகக் கசக்க வேண்டும். சலவைக்கடை வைத்திருப்பவர்களுக்கு இது அரிச்சுவடி.

உங்கள் மருந்து என் கணவரிடம் ஏன் வேலை செய்யவில்லை என்று கேட்டீர்கள். உங்களோடு வந்திருக்கும் போலீஸ்காரருக்கும் அதுதான் தெரிய வேண்டுமாம். அதைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

நான் சுத்தம் பார்க்கிறவள். அவரும் அப்படித்தான் இருந்தார். சட்டை மடிப்பதில் எங்கள் கடையில் அவரை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பிறகு நடுக்குவாதம் வந்து கை நடுங்கத் தொடங்கியது. நடுக்கத்தை நான் பொறுத்துக்கொண்டேன். நடுக்கத்தால் எதுவும் அழுக்காவதில்லை. எச்சில்தான் தாங்க முடியவில்லை. கீழுதட்டிலிருந்து நூலாக இறங்கும், அறுந்தும் விழாது. புருவத்தில் எண்ணெய் வடிந்து செதில் செதிலாக உதிரும். தலையணை உறையில் மஞ்சள் வட்டம், துவைத்த பிறகும் ஒரு புளித்த வாடை. அவர் சாப்பிட்ட தட்டைத் தொட்டாலே எனக்குக் குமட்டும். வெளியே சொல்ல முடியுமா? வந்து பார்த்தவர்கள் எல்லாம் எனக்குப் பெரிய மனசு என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

மாத்திரை வேலை செய்தால் இன்னும் மோசம். எழுந்து நடமாட ஆரம்பித்துவிடுவார். "கடைக்கு நானும் வரேன். வீட்லயே அடைஞ்சு கெடந்தா பைத்தியம் புடிச்சிரும்" என்பார். ஒருநாள் வரவும் செய்தார். ஒரு கல்யாணப் பெண்ணின் வெள்ளை உடுப்பை மடித்துக் கொடுக்கப் போய், அதன்மேல் சொட்டிவிட்டார். பெண்ணின் அம்மா அதை இரண்டு விரலால், செத்த எலியைத் தூக்குவது போலத் தூக்கினாள். இவர் சிரித்துக்கொண்டே, "ஒண்ணுமில்லம்மா, தண்ணிதான்" என்றார். அன்று எனக்குக் கோபம் வரவில்லை. அருவருப்புதான் வந்தது.

அதற்குப் பிறகுதான் உங்கள் ஆராய்ச்சிப் பிரிவுக்கு வந்தோம். மூளையில் ஒரு புரதம் தப்பாக மடிந்து கட்டி கட்டியாகச் சேர்ந்துவிடுகிறது என்றீர்கள். "மடிப்பு தப்புனா என்ன ஆகும்னு எங்களுக்கா தெரியாது?" என்று அவர்கூடச் சிரித்தார். அந்தக் கட்டியைத் தடுக்க ஒரு புது மருந்தைச் சோதிப்பதாகவும், பழைய மாத்திரையையும் நிறுத்தக் கூடாது என்றும் சொன்னீர்கள். பிறகு என் பக்கம் திரும்பினீர்கள்.

"மாத்திரையோட பாலு, முட்டை எதுவும் குடுத்துராதீங்கம்மா. அதுல இருக்கற புரதமும் மாத்திரையும் ஒரே வாசல்ல முட்டி மோதும். மாத்திரை வெளியவே நின்னுரும்."

எவ்வளவு தெளிவாகச் சொன்னீர்கள். நான் நன்றிகூடச் சொன்னேன்.

மறுநாளிலிருந்து மாத்திரையோடு ஒரு பெரிய டம்ளர் பாலும் கொடுத்தேன். அவர் முகம் சுளித்தால், "உடம்பு தேற வேண்டாமா?" என்பேன். கொஞ்ச நாளிலேயே அடங்கிவிட்டார். நாற்காலியில் உட்கார வைத்தால் வைத்தபடி இருப்பார். தாடைக்குக் கீழே துண்டைக் கட்டினால் அவிழ்க்க மாட்டார். முகத்தில் இஸ்திரி போட்டது போல ஒரு சுருக்கம் இல்லை. நீங்கள் மாத்திரையைக் கூட்டினீர்கள், நான் பாலைக் கூட்டினேன். கடைசியில் எந்த மருந்துக்கும் மசியாத ஆள் என்று ஆராய்ச்சியிலிருந்து அவரை விலக்கினீர்கள். உங்கள் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே சங்கடமாக இருந்தது.

அவருக்கு எல்லாம் தெரியும். டம்ளரைக் கண்டதும் கண் மட்டும் அங்கும் இங்கும் ஓடும். ஆனால் யாரிடமாவது சொல்வதென்றால் நாக்கு அசைய வேண்டும். நாக்கு அசைய வேண்டுமென்றால் மாத்திரை உள்ளே போக வேண்டும்.

வெளியூரில் இருக்கும் எங்கள் மகள்தான் காரியத்தைக் கெடுத்தாள். "அம்மா, நாளைக்கு வரேன். இனிமே அப்பாவுக்கு மாத்திரைய நானே குடுக்கறேன். எங்கயோ தப்பு நடக்குது" என்று போனில் சொன்னாள். அவள் கையால் வெறும் வயிற்றில் ஒரு மாத்திரை விழுந்தால் போதும், மனிதர் வாயைத் திறந்துவிடுவார்.

அவள் வருகிற அன்று காலையில் நான் மாத்திரையே கொடுக்கவில்லை. விறைத்த தொண்டையில் கெட்டியாக எதுவும் இறங்காது என்று எச்சரித்ததும் நீங்கள்தான். வேகவைத்த முட்டை ஒன்றை உரித்து, முழுசாக அவர் வாயில் திணித்து, தாடையை அழுத்திப் பிடித்துக்கொண்டேன். எச்சில் என் முழங்கை வரை வழிந்தது. அதைப் பார்க்கச் சகிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். மூச்சு அடங்கிய பிறகு வாயைத் துடைத்து, வேறு சட்டை போட்டுவிட்டேன். கழற்றிய சட்டையைப் பச்சைத் தண்ணீரில் ஊறப்போட்டேன்.

மகள் வந்து பார்த்தபோது அவர்மேல் ஒரு பொட்டுக் கறை இல்லை. அவரை இப்படிப் பார்த்துக்கொள்ள வேறு யாரால் முடியும், நீங்களே சொல்லுங்கள்.